'குதி' என்றதற்கு வாய்ப்பூட்டு

2023 ஜூன், முதல் சனிக்கிழமை இரவு. பத்து மாதம் காணாமல் போயிருந்த பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்திய வடிவம்) திரும்பி வந்த சந்தோஷத்தில், விளையாடுகிறவர்கள் கூடி அரட்டை அடிக்கிற எங்கள் டிஸ்கார்ட் சர்வரில் ஒரு கஸ்டம் ரூம் போட்டி, அதாவது எங்களுக்குள்ளே மட்டும் ஆடும் போட்டி, வைத்திருந்தோம். பரிசு பெரிதாக ஒன்றுமில்லை, ஐந்நூறு ரூபாயும் ஒரு பட்டப்பெயரும். எராங்கல் மேப். ஆட்டம் தொடங்க எல்லாரும் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க வேண்டும். விமானம் அந்த மேப்பின் பொச்சிங்கி என்ற ஊருக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது, கூட்டம் ஆதரிக்கிற அணி இன்னும் குதிக்கவில்லை. நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அரட்டையில் 'குதி குதி' என்று தட்ட ஆரம்பித்தார்கள். சில விநாடிகளில் அரட்டை அப்படியே செத்துப்போனது. பதினொரு பேருக்கு ஐந்து நிமிடம் வாய்ப்பூட்டு. பூட்டியது சர்வரின் தானியங்கிக் காவலன். அவனுக்குக் கெட்ட வார்த்தைப் பட்டியல் எழுதிக் கொடுத்தது நான்.

விஷயம் இதுதான். எங்கள் ஆட்கள் தமிழைத் தமிழ் எழுத்தில் அடிப்பதில்லை, ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். அங்கே குறில் நெடில் கிடையாது, ல ள ழ கிடையாது, தகரத்துக்கும் டகரத்துக்கும் பெரிய தகராறு கிடையாது. கே, யூ, டி, ஹெச், ஐ என்று ஐந்து எழுத்து தட்டினால் அது தாவச் சொல்கிற வினையாகவும் இருக்கலாம், வீட்டில் சொன்னால் செருப்படி விழுகிற ஒரு பெயர்ச்சொல்லாகவும் இருக்கலாம். நான் அந்தப் பெயர்ச்சொல்லைப் பட்டியலில் போட்டதோடு நிற்காமல், பெரிய கெட்டிக்காரன் மாதிரி பின்னால் ஒரு நட்சத்திரக் குறியும் வைத்திருந்தேன். அந்த எழுத்துகளில் ஆரம்பிக்கிற எதுவும் தப்பக்கூடாதாம். குதி போயிற்று, குதிரை போயிற்று, குதிகாலும் போயிற்று. அதற்கு முந்தின வாரம் குதிகால் வலி, விளையாட வரவில்லை என்று லீவு சொன்ன ஒருவனுக்கும் இதே கதி ஆகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் பேசாமல் இருந்துவிட்டான், பாவம்.

இந்த சர்வர் 2020 ஏப்ரல் ஊரடங்கில் நானும் மூன்று சித்தி பையன்களும் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது மூடிவிடலாம் என்று நினைத்தோம். மாறாக, வேறு வேறு விளையாட்டுக்குச் சிதறியவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் தேடி இங்கே வந்தார்கள். இன்று ஆயிரத்துச் சொச்சம் பேர். மாடரேட்டர்கள் ஐந்து பேர். பையன்கள் சுருக்கி 'மாட்' என்பார்கள், இன்னும் கொஞ்சம் உரிமை இருந்தால் 'மாடு'. வேலையும் அப்படித்தான். சம்பளம் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் இன்னொருவனின் அம்மாவை இழுத்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்த நம்பிக்கை, வார்த்தைதான் எதிரி என்பது. வார்த்தையைப் பிடித்தால் போதும். பட்டியல் முப்பதில் ஆரம்பித்து முந்நூற்றுக்குப் போனது. ஒரு எழுத்துக்குப் பதில் சுழியம் போட்டான் ஒருவன், அதைச் சேர்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தான், அதையும் சேர்த்தேன். பாதியைத் தமிழ் எழுத்திலும் பாதியை ஆங்கில எழுத்திலும் அடித்தான். அப்புறம் மளிகைக்கடைக்கு வந்தார்கள். தமிழில் திட்டுவதற்குக் கெட்ட வார்த்தை எதற்கு? தக்காளி இருக்கிறது, கொய்யா இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது. பன்னாடை பனைமரத்தில் இருந்து வந்தது. இதையெல்லாம் பட்டியலில் போட்டால் சமையல் சேனலை மூட வேண்டியதுதான் (ஆமாம், எங்களுக்குச் சமையல் சேனல் உண்டு, ஹாஸ்டல் பையன்கள் அதிகம்). 'மாமா' என்ற சொல் உறவா வசவா என்பதை எந்தப் பட்டியல் சொல்லும்?

பெரிய கம்பெனிகளும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 1996ல் ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடாமல் தடுத்தது. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டுக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். அந்தக் கோளாறுக்கு இன்றும் அந்த ஊரின் பெயர்தான். நம் பக்கத்து ஸ்கன்தோர்ப் குன்னூர். ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் முதல் நான்கு எழுத்து அமெரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவு செய்யும் சொல். எங்கள் குன்னூர்க்காரன் ஒருவன் ஒரு விளையாட்டில் தன் ஊரைச் சொல்லும்போதெல்லாம் நான்கு நட்சத்திரமும் பின்னால் ஒரு 'ஊரும்' தான் திரையில் வரும். எதிரில் இருப்பவன் என்ன ஊர் என்று கேட்க, இவன் மறுபடி அடிக்க, மறுபடி நட்சத்திரம். கடைசியில் ஊட்டி என்று சொல்லிவிட்டான். குன்னூர்க்காரனை ஊட்டி என்று சொல்ல வைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று மலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதே விளையாட்டுகளின் அரட்டையில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தாராளமாக என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நட்சத்திரமும் விழவில்லை.

பட்டியல் மீது எனக்கிருந்த நம்பிக்கையை உடைத்தது குதியும் இல்லை, குன்னூரும் இல்லை. எங்கள் சர்வரில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் ஆறேழு பேர் உண்டு. நன்றாக விளையாடுவார்கள், 'கதைக்கிறன்' 'பாக்கிறன்' என்று பேசும்போது எல்லாருக்கும் கேட்க ஆசையாக இருக்கும். ஒரு நாள் மேட்ச் தோற்ற கடுப்பில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் அவர்களில் ஒருவனைப் பார்த்து ஒரே ஒரு சொல் எழுதினான். 'அகதி.' அவ்வளவுதான். காவலன் அதைத் தொடவில்லை, ஏன் தொடப் போகிறான், செய்தித்தாளில் வருகிற சொல். அதே மேட்சில் வேறு இரண்டு பேர் ஒருவர் அம்மாவை மற்றவர் இழுத்து இருபது வரி எழுதியிருந்தார்கள், காவலன் அதை மும்முரமாக அழித்துக்கொண்டிருந்தான். அந்த இருவரும் மறுநாள் ஒரே அணியாக ஸ்குவாட் போட்டு ஆடினார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் மூன்று மாதம் வரவில்லை.

இன்னொரு கேள்வி உண்டு. 'எந்த ஊரு?' என்று ஆரம்பிக்கும். அப்புறம் 'எந்தப் பக்கம்?', அப்புறம் 'எந்தத் தெரு?' கடைசியில் 'நீங்க என்ன ஆளுங்க?' இதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எனக்குத் தெரிந்து அதைவிடக் கெட்ட வாக்கியமும் கிடையாது. எங்கள் சர்வரில் அம்மாவை இழுத்தால் எச்சரிக்கை உண்டு, சாதியை இழுத்தால் எச்சரிக்கை இல்லை, நேராக வெளியே. இது கொஞ்சம் அதிகம் என்று மற்ற மாடுகளில் ஒருவர் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருவதில்லை.

திட்டுவதற்கும் கலாய்ப்பதற்கும் நடுவே கோடு எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடினவர்களுக்கு அந்தக் கோடு தெரியும், சொல்லத்தான் வராது. அங்கே ரன் அவுட் ஆனவனை என்னவெல்லாமோ சொல்வோம். ஆனால் அவன் முகம் எதிரில் இருக்கும். முகம் ஒரு மாதிரி ஆனதும் வாய் தானாகவே நின்றுவிடும், 'சரி விடுறா, அடுத்த பால்' என்று ஒருவன் சொல்வான். மறுநாள் பந்து வாங்கக் காசு சேர்க்க அவன் வீட்டு வாசலுக்கே போக வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆன்லைனில் அந்த முகம் இல்லை. கலாய்ப்பு எப்போது காயமானது என்று கலாய்த்தவனுக்குத் தெரியவே தெரியாது. 'டா' என்பதே பாருங்கள், தெரிந்தவன் சொன்னால் அது தோளில் போட்ட கை. அறிமுகமில்லாத பெண்ணைப் பார்த்து ஒருவன் 'போடி' என்றால் அதற்கு வேறு பொருள்.

சரி, யார் இப்படித் திட்டுகிறார்கள்? நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு பத்து ரவுடிகள் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கிவிட்டால் ஊர் அடங்கும் என்று. தூக்கினோம். ஊர் அடங்கவில்லை. புகார்ப் பதிவுகளை உட்கார்ந்து புரட்டினால், பெரும்பாலான பெயர்கள் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தன. தேர்வில் கோட்டை விட்டவன், நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் இல்லாமல் ஆடியவன், நெட் விட்டு விட்டு வந்ததில் கடுப்பானவன்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை 2009ல் வெளியிட்ட ரயட் கேம்ஸ் இதையே பெரிய அளவில் பார்த்தது. ஜெஃப்ரி லின் என்ற அறிவாற்றல் நரம்பியல் ஆய்வாளரைக் கூட்டி வந்து, வீரர்களின் நடத்தையை ஆராய ஒரு குழுவே வைத்தார்கள். அவர்கள் கண்டது, தொடர்ந்து மோசமாக நடந்துகொள்பவர்கள் கிட்டத்தட்ட ஒரு சதவீதம்தான். அந்த ஒரு சதவீதம் பேரால் வந்தது மொத்தத் தொல்லையில் ஐந்து சதவீதம் போல. மற்றதெல்லாம் சாதாரண ஆட்களின் மோசமான நாட்கள். அத்தனை பேரையும் தூக்கினால் விளையாட ஆளே மிஞ்சாது. அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிரணியோடு அரட்டை அடிக்கிற வசதியை அணைத்து வைத்தார்கள். தடை செய்யவில்லை, வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவே. மோசமான பேச்சில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நல்ல பேச்சு கிட்டத்தட்ட அதே அளவு கூடியது, அரட்டையின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பேசத்தான் செய்தார்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னப் படி ஏற வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் கோபம் ஆறிவிட்டது.

அதை நாங்கள் எங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டோம். போட்டி முடிந்த முதல் பத்து நிமிடம்தான் எங்களுக்கு ஆபத்தான நேரம். அந்தப் பத்து நிமிடம் பொது அரட்டையை மூடிவிடுவோம். அவரவர் அணிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம். மற்ற நேரத்தில் ஒருவர் ஒரு வரி போட்டால் அடுத்த வரிக்குப் பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டும். இருபது வரிச் சண்டை பதினைந்து விநாடி இடைவெளியில் ஓடாது. மூன்றாவது வரியிலேயே அலுத்துவிடும்.

திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன், பதினாலு வயசு. இரண்டு வாரத்தில் ஆறு புகார். வழக்கமாக என்றால் தூக்கியிருப்போம். ரயட் குழு கண்ட இன்னொரு விஷயத்தை அப்போதுதான் படித்திருந்தேன். தண்டனை பெற்றவர்களிடம் பொதுவாக 'தவறாக நடந்துகொண்டீர்கள்' என்று மட்டும் சொன்னபோது, அடுத்த மூன்று மாதத்தில் பாதிப் பேர்தான் மறுபடி மாட்டாமல் இருந்தார்கள். ஏன் தண்டனை என்று விவரமாகச் சொன்னதும் அது 65 சதவீதம் ஆனது. அவர்கள் பேசிய அரட்டையையே எடுத்துக் காட்டியபோது 70. சரி, செய்துதான் பார்ப்போமே என்று, அவன் எழுதிய பதினாலு வரிகளை நகலெடுத்து, திட்டும் இல்லாமல் அறிவுரையும் இல்லாமல், மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவனுக்குத் தனியாக அனுப்பினேன். ராத்திரியில் அனுப்பக்கூடாது, ராத்திரி அவன் இன்னும் அந்த மேட்சுக்குள்ளேயே இருப்பான்.

மூன்று மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது. "அண்ணா இது நானா?"

நீதான் என்றேன்.

"அண்ணா ப்ளீஸ் இதை டெலிட் பண்ணுங்க. அம்மா போன்ல ஆடுறேன். அவங்க நோட்டிபிகேஷன் பாப்பாங்க."

அழித்துவிட்டேன். முழுசாகத் திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். மாதத்துக்கு ஒரு முறை வாய் நீளும். ஆனால் நீண்டதும் அவனே வந்து, "அண்ணா ஒண்ணு போட்டுட்டேன், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவான்.

பஞ்சாயத்தும் வைத்துப் பார்த்தோம். அதுவும் ரயட்டின் யோசனைதான். 2011ல் ட்ரிப்யூனல் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். புகாரையும் அரட்டையையும் மற்ற வீரர்களிடமே காட்டி, தண்டிக்கலாமா விடலாமா என்று ஓட்டுப் போடச் சொன்னார்கள். 2014ல் அதை நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் திட்டியவனுக்கே என்ன திட்டினோம் என்பது மறந்துவிடும், அதுதான் அதன் பெரிய பலவீனம். எங்கள் பஞ்சாயத்து மூன்று வாரம் ஓடியது. முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, எல்லாருக்கும் வேண்டியவன் என்ன சொன்னாலும் தப்பிப்பான், புதிதாக வந்தவன் தும்மினாலும் தண்டனை. ஊர்ப் பஞ்சாயத்தில் பார்க்காததா.

பேசவே விடாமல் செய்தால்? அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. டிஸ்னி ஆட்கள் 1990களில் குழந்தைகளுக்கு ஓர் இணைய உலகம் கட்டும்போது, பட்டியலில் இருக்கிற பாவமில்லாத சொற்களை மட்டும் கோத்துப் பேசலாம் என்று ஓர் ஏற்பாட்டை யோசித்தார்கள். ஒரு பதினாலு வயசுப் பையனை உட்கார வைத்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, முயல் என்பது போன்ற சொற்களை வைத்தே சில நிமிடத்தில் அவன் ஒரு படு ஆபாசமான வாக்கியம் செய்து காட்டினான். (அதே பதினாலு வயசு!) கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக் ஆடுகிறவர்களுக்கு 'வாட் எ சேவ்!' தெரியும். கோலைத் தடுத்தவனைப் பாராட்ட வைத்த பொத்தான். கோலைக் கோட்டை விட்டவனைக் கொல்லத்தான் எல்லாரும் அமுக்குகிறார்கள். ஹார்த்ஸ்டோன் விளையாட்டில் 'சாரி' என்ற பொத்தானையே எடுத்துவிட்டு 'வாவ்' வைத்தார்கள், அத்தனை கேலியாக எல்லாரும் சாரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'வாவ்' மட்டும் என்ன, அதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

எழுத்து இப்படி என்றால் குரல் வேறு கதை. எங்கள் சர்வரில் ஒரு நர்சிங் மாணவி இருந்தார், இப்போது வேலைக்குப் போய்விட்டார். எல்லாரும் அக்கா என்போம். நல்ல ஸ்னைப்பர். இரண்டு வருடம் மைக்கே ஆன் செய்ததில்லை. எதிரி எங்கே என்று மேப்பில் குறி வைத்துக் காட்டுவார், அவ்வளவுதான். மைக் ரிப்பேர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் ஏன் என்று கேட்டபோது எழுதினார்: "குரல் கேட்டதும் கேம் முடிஞ்சிடும் தம்பி. அப்புறம் பேர் என்ன, ஊர் என்ன, இன்ஸ்டா ஐடி என்ன. பதில் சொல்லலன்னா திட்டு." அவர் எங்கள் சர்வரைச் சொல்லவில்லை, முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் மேட்சுகளைச் சொன்னார். ஆனால் எங்கள் குரல் சேனலிலும் அவர் பேசியதில்லையே. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2021 ஜூனில், பப்ஜியை நேரலையில் ஆடிக்கொண்டே பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசிய யூடியூபர் ஒருவரை சென்னைப் போலீஸ் தருமபுரியில் பிடித்தது நினைவிருக்கும். அந்த வாரம் எல்லா அம்மா அப்பாவும் போனைப் பிடுங்கினார்கள். எங்கள் சர்வரில் அதைப் பற்றி நடந்த விவாதத்தில் எனக்கு ஒன்று உறுத்தியது. அவரை முதலில் கழுவி ஊற்றியவர்கள், அவரைப் பார்த்துத்தான் அப்படிப் பேசவே கற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய சொற்றொடர்கள் எங்கள் புகார்ப் பதிவுகளில் இருந்தன. நானே இரண்டொன்றைச் சிரிப்பாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

குரலைக் கேட்டுப் பிடிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. வாலரன்ட் விளையாட்டில் 2022 ஜூலையில் குரல் பேச்சை மதிப்பிடும் வேலையைத் தொடங்கினார்கள், வட அமெரிக்காவில், ஆங்கிலத்தில். தமிழுக்கு அது வரும்போது திருநெல்வேலிக்காரன் பாசமாகப் பேசுவதை என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்று பார்க்க எனக்கு ஆர்வமாக இருக்கிறது. எங்கள் குரல் சேனலில் இப்போதும் ஒரு மாடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

போன வாரம் ஒரு புகார். ஒருவன் இன்னொருவனைப் பதினேழு வரி திட்டியிருந்தான். பாட், மொக்கை, நீயெல்லாம் எதுக்கு ஆடுற, உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும், எல்லாம் இருந்தது. நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த எனக்கு யோசிக்கத் தெம்பில்லை, திட்டியவனுக்கு அரை மணி வாய்ப்பூட்டுப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் புகார் கொடுத்தவனே தனிச் செய்தியில் வந்தான்.

"அண்ணே, அவனை எடுத்து விடுங்க."

ஏன்டா, நீதானே புகார் கொடுத்தே?

"என் அண்ணன்தான் அண்ணே. பக்கத்து ரூம்ல இருக்கான். சாப்பிட்டு வந்து ஸ்குவாட் போடணும், ஆள் குறையுது."

உன்னைப் பெத்தவங்க என்று அவன் எழுதினானே, அது யாரென்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. நான் பூட்டைத் திறந்தபோது குரல் சேனலில் யாருடைய மைக்கோ திறந்திருந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தம், அதற்கு மேல் ஒரு அம்மாவின் குரல்: "ரெண்டு தடிமாடும் அந்தக் கருமத்தைக் கீழ வைக்கிறீங்களா இல்லையா?"

தடிமாடு பட்டியலில் இல்லை.